ஒட்மாரின் எண்பத்துமூன்று

பத்து இருபது. இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. அதற்குள் சவப்பெட்டி வைக்கிற இடத்தில் சிந்திக்கிடக்கும் மெழுகைச் சுரண்டி முடிக்க வேண்டும், கதிரைகளை நேராக்க வேண்டும், பதினொரு மணிக்கு மணிக்கோபுரத்துக்குள் போய்க் கயிற்றைப் பிடிக்க வேண்டும், ஒட்மாருக்கு மணி அடிக்க வேண்டும். ஒட்மாருக்கு. இந்த வசனத்தை இப்படி நிதானமாக நினைத்துப் பார்க்க எனக்குப் பத்தொன்பது வருடம் பிடித்திருக்கிறது. முந்தாநாள் விடியக் காலமை அவருடைய மனிசி ஹெட்விக் வந்து கதவைத் தட்டி, "யசிந்தா, அவர் போயிட்டார்" என்று சொன்னபோது நான் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு?" இல்லை, "எத்தனை வயசு?" தெரியாமலா கேட்டேன்? எண்பத்துமூன்று. அடுத்த மாதம் பன்னிரண்டாம் திகதி வந்திருந்தால் எண்பத்துநாலு. ஹெட்விக் கதவடியில் நின்று அழுதாள், நான் அவளைக் கட்டிப்பிடித்தேன், பிடித்துக்கொண்டே எண்ணினேன். இந்த ஜேர்மன் ஊரின் பெயரைச் சொன்னால் மூன்று ஊர் தள்ளி இருப்பவனுக்கே தெரியாது, மொத்தம் இருநூற்றுச் சொச்சம் சனம், ஆனால் கத்தோலிக்கக் கோயிலுக்கு மட்டும் தொள்ளாயிரம் வயது. கோடை காலத்தில் கமராவோடு வருகிறவர்கள் வட்ட வளைவுகளை அண்ணாந்து பார்த்து ஆ என்பார்கள், என் கையகல ஜன்னல்களைப் படம் எடுப்பார்கள், சுவர் எவ்வளவு தடிப்பு என்று கேட்பார்கள், நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவேன். எவ்வளவு தடிப்பாய் இருந்து என்ன பிரயோசனம் என்று சொல்லமாட்டேன். மெழுகு சுரண்டுகிற கத்தி மொட்டையாகிவிட்டது.

மூன்றாம் தூணின் தலையில் ஒரு மிருகம் செதுக்கியிருக்கிறது. சிங்கமா நாயா தெரியாது, அந்தக் காலத்துக் கல்தச்சன் இரண்டையும் கண்டிருக்கமாட்டான். அது ஒரு மனிசனை விழுங்குகிறது, கால் இரண்டும் மட்டும் வாய்க்கு வெளியே தொங்குகின்றன. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏணி வைத்து ஏறி அந்தக் கால்களைத் துடைப்பேன், துடைக்கும்போது அந்தக் காலுக்கு ஒட்மார் என்று பெயர் வைப்பேன். பாவம்தான். சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்தேன், சுவாமியார் சிரித்துவிட்டார். இந்த வேலையை நான் ஏன் எடுத்தேன் என்று ஊரில் எல்லாருக்கும் ஒரு கதை இருக்கிறது. யசிந்தாவுக்குப் பக்தி கூட, யசிந்தா நல்ல மனுசி, தன்னை ஏற்றுக்கொண்ட ஊருக்கு நன்றி காட்டுகிறாள். காட்டுகிறேன், காட்டுகிறேன். ஒட்மாருக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து அவர் கோயில் வேலையை விட்டபோது ஒருத்தரும் முன்வரவில்லை, நான் கையைத் தூக்கினேன். இந்த ஊரில் செத்தவனுக்கு அடக்கம் நடக்கிற நாளில் சரியாகப் பதினொரு மணிக்கு மணி அடிக்க வேண்டும், வயதுக்கு ஒரு அடி, அதை அடிப்பது கோயிலைப் பார்க்கிற ஆள். அவருக்கு என்னைவிட இருபத்திரண்டு வயது கூட. கணக்குச் சரி. அவர் ஒரு நாள் சாவார், அன்றைக்குக் கயிறு என் கையில் இருக்கும். அவ்வளவுதான் என் பக்தி. மெழுகு, தூசி, வௌவால் எச்சம், பனிக்காலத்தில் படியில் உப்பு, எல்லாம் அந்த ஒரு நாளுக்காக. என் மனிசன்கூட ஒரு முறை கேட்டார், "உமக்கென்ன விசரா, அந்தாளின்ர இடத்திலயே போய் நிக்கிறீர்?" ஓம், விசர்தான்.

என் தம்பி கிளறன்ஸ் முப்பத்துமூன்று வருடத்துக்கு முன்னால் இந்தக் கோபுரத்துக்குள் நாலு மாதம் இருந்தவன். எனக்கும் மனிசனுக்கும் விசா கிடைத்தது, அவனுக்கு மறுத்துவிட்டார்கள், திருப்பி அனுப்பக் கடிதம் வந்தது. அப்போதிருந்த சுவாமியார் அவனைக் கோயிலுக்குள் எடுத்தார், கோயிலுக்குள் பொலிஸ் வராது என்றார். வரவும் இல்லை. கோபுரத்தின் அடியில் ஒரு சின்ன அறை, கதவு என் தோளளவு, முதல் கிழமை முழுக்க அவன் தலையை இடித்துக்கொண்டே இருந்தான். "அக்கா, இதைக் கட்டினவங்கள் எல்லாம் குள்ளன்களோ?" என்று கேட்பான். பெனியனைத் தோய்த்து ஜன்னலில் காயப் போடுவான், ஊர்ச் சனம் நின்று பார்க்கும். கோயில் வேலைக்கு அப்போது ஒட்மார்தான். ஹெட்விக் சமைத்துக் கொடுக்கிற பருப்புச் சூப்பை மூடியுள்ள சட்டியில் அவர்தான் கொண்டுவருவார். கிளறன்ஸ் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்குவான், நன்றி சொல்லுவான், அவர் போனதும் என்னைப் பார்த்து, "உப்பில்ல, புளியில்ல, இதுக்குப் பேர் பருப்பே?" என்பான். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது, ஏனென்றால் அடுத்தது வெயில். வெயிலை நினைக்கக் கூடாது. கதிரைகளை நினைக்கலாம். இடது பக்கம் பதினாலு, வலது பக்கம் பதினாலு, ஹெட்விக்குக்கு முன்வரிசையில் மெத்தை வைத்தது.

வெயில்தான். கோபுரக் கதவு வடக்குப் பக்கம். கோயிலின் நிழல் முற்றம் முழுக்கப் படுத்திருக்கும், பங்குனியில் அந்த நிழலுக்குள் நின்றால் எலும்புக்குள் ஊசி குத்தும். கோயில் மதிலின் வாசல் படலைக்கு வெளியே லிண்டன் மரத்தடியில் மட்டும் பதினொரு மணிக்கு ஒரு துண்டு வெயில் விழும். ஒட்மார் தினமும் பதினொரு மணி அடிப்பார், அடித்து முடித்து அவர் போனதும் கிளறன்ஸ் வெளியே வந்து படலையைத் திறந்து மூன்று எட்டு வைப்பான், அந்த வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சிகரெட் முடிக்கும் நேரம் நிற்பான். "அக்கா, மூண்டே மூண்டு எட்டு, அதுக்குள்ள ஆர் வரப்போறான்?" எங்கள் ஊர்ப் பாசையூர்க் கடற்கரையில் நாள் முழுக்கக் காய்ந்து வளர்ந்த பெடியன், அவனுக்கு மூன்று எட்டு. அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஒட்மார் மணி அடித்தார். வழக்கம்போல அடித்தார், ஒரு அடி கூடவும் இல்லை குறையவும் இல்லை. லிண்டன் மரத்துக்குப் பின்னால் ஒரு கார் நின்றது. நான் கடையில் பாண் வாங்கிக்கொண்டிருந்தேன். ஓடி வந்தபோது படலை திறந்து கிடந்தது, சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. ஆர் சொன்னது, ஆர் சொன்னது என்று ஐந்து நாள் ஊரெல்லாம் ஒரு முகம் விடாமல் பார்த்தேன். கஷ்டப்படத் தேவையே இருக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் வாசலில் நிற்க ஒட்மார் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார், "நான்தான் ரெலிபோன் எடுத்தனான். கோயிலுக்குள்ள இருக்கும்வரைக்கும் நான் வாய் திறக்கேல்ல. படலைக்கு வெளியில அவன் வந்தது பிழை. ஒழுங்கு எண்டால் ஒழுங்கு." அவர் சொன்னது ஜேர்மன், என் காதில் விழுந்தது எங்கள் ஊர்த் தமிழ். எனக்கு இங்கே எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள், முப்பத்துமூன்று வருடமாக. அன்று பின்னேரமே தொப்பியைத் தூக்கி, "குட்டன் ஆபென்ட், ஃபிரௌ யசிந்தா" என்று மாலை வணக்கம் சொன்னார். கள்ளன் ஒளிப்பான். இவர் ஒளிக்கவில்லை. அதுதான் என்னைத் தின்றது. அவர் ஒளித்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். பொய், மறந்திருக்கமாட்டேன்.

பத்து முப்பத்தைந்து. அவனைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ஒரு லொட்ஜில் இருந்து ஒரு முறை பேசினான், "அக்கா, இஞ்ச நல்ல வெயில்" என்றான், அந்த நிலைமையிலும் பகிடி. ஒன்பதாம் நாள் ஒரு வெள்ளை வான் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது என்று லொட்ஜ்காரர் சொன்னார். அவ்வளவுதான். பிரேதம் இல்லை, திகதி இல்லை, இடம் இல்லை. நான் ரெலிபோனில் அழுதபோது அம்மா அழவில்லை. "எடியே, வாயை மூடு. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆர் ஒப்பாரி வைக்கிறது? ஆத்துமப் பூசை கீத்துமப் பூசை எண்டு ஒண்டும் ஒப்புக்குடுக்கப்பிடாது, அவன்ர ஆயுள் அறுந்துபோம். சத்தியம் பண்ணு." பண்ணினேன். அம்மா பன்னிரண்டு வருடம் அவன் வழியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் செத்தாள், கடைசியிலும் அதையே கேட்டாளாம், யசிந்தா ஒப்புக்குடுக்கேல்லைத்தானே என்று. ஒப்புக்கொடுக்கவில்லை அம்மா. இங்கே ஒவ்வொரு கார்த்திகையும் மரித்தோர் திருநாளுக்குப் பெயர் எழுதுகிற தாள் வைப்பார்கள், தாளை வைப்பதே நான்தான், பேனாவும் நான்தான், அம்மாவின் பெயரை எழுதுவேன், அப்பாவின் பெயரை எழுதுவேன், மூடிவிடுவேன். இப்போது இருந்தால் அவனுக்கு ஐம்பத்தேழு. மொட்டை விழுந்திருக்கும், அப்பாவுக்கும் விழுந்தது. மொட்டைத் தலையோடு அந்தக் குள்ளக் கதவில் இடித்துக்கொள்வான். இப்படி நினைத்து நினைத்தே அவனை நான் வயதாக்கி வைத்திருக்கிறேன். ஒட்மார் வருடா வருடம் பிறந்தநாள் கேக் வெட்டினார், எனக்கும் ஒரு துண்டு வரும், பிளம்ஸ் போட்டது. தின்றேன். நல்ல ருசி, அந்த அறுவானின் கேக்.

மூன்று கிழமைக்கு முன்னால் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இப்போது சொல்லப்போகிறார், இப்போது கேட்கப்போகிறார், கேட்டால் நான் என்ன சொல்வது, மன்னிப்பு என்று ஒன்று என்னிடம் இருக்கிறதா என்றெல்லாம் வழி முழுக்க மண்டைக்குள் ஓடியது. கட்டிலில் கிடந்தார், கை இரண்டும் பழைய கயிறு மாதிரி. "யசிந்தா, கிட்ட வாரும்" என்றார். போனேன். "பிழைக்காமல் எண்ணுவீர்தானே? எண்பத்துமூண்டு. பன்னிரண்டாம் திகதி தாண்டினால் எண்பத்துநாலு." அவருடைய தாய் செத்தபோது அந்தக் காலத்து மணிக்காரன் குடித்துவிட்டு எழுபத்தெட்டுக்கு எழுபத்தேழு அடித்தானாம். ஊர் முழுக்க வாசலில் நின்று எண்ணும் அல்லவா, ஒரு அடி குறைந்தால் ஒரு வருடத்தை ஊர் தரவில்லை என்று அர்த்தம், அந்த ஒரு வருடத்துக்கு ஆத்துமா படலைக்கு வெளியே நிற்கும் என்பார்கள். அந்த அவமானத்தில்தான் தானே இந்த வேலையை எடுத்தாராம். அவரும் ஒரு எண்ணிக்கைக்காகத்தான் கயிற்றைப் பிடித்தவர், பார்த்தீர்களா, எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம். "எங்கட அம்மா மாதிரி என்னை வெளியில விட்டுடாதையும்" என்றார். படலைக்கு வெளியே. அவர் வாயால், என்னிடம். வேறு ஒரு சொல் வரும் என்று அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். "தண்ணி" என்றார். தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன். கொடுத்த கையை வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

ஆகவே எண்பத்திரண்டு. அன்றே முடிவு செய்துவிட்டேன். மணி அடிக்காமல் விட்டால் பைத்தியக்காரி என்பார்கள், இருபது அடித்தால் கயிறு அறுந்தது என்பார்கள். எண்பத்திரண்டு அடித்துவிட்டுக் கையை எடுத்தால் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், எண்பத்துமூன்றாவது வராது. தாய்க்குக் குறைந்த அதே ஒன்று. சின்னக் காரியம்தான், ஊசியும் சின்னதுதான். இரண்டு மணிக்கு அடக்கம். சுவாமியாருக்கு மூன்று ஊர், இங்கே வியாழக்கிழமை மட்டும்தான் வருவார், ஆகவே திரும்ப அடிக்க நாளை என்று ஒன்று கிடையாது, பெட்டி குழிக்குள் போய்விடும். மணி ஓய்ந்ததும் செத்தவரின் வீட்டிலிருந்து ஒருத்தர் கோபுரக் கதவடிக்கு வந்து மூன்று கேள்வி கேட்க வேண்டும், அதுவும் ஊர் வழக்கம். யாருக்கு? எத்தனை வயது? எப்போது? எல்லாருக்கும் விடை தெரியும், ஆனாலும் கேட்க வேண்டும், அடித்த ஆள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் பெட்டியைத் தூக்கலாம். ஹெட்விக் வருவாள். "எத்தனை வயது?" என்பாள். எண்பத்துமூன்று என்பேன், அடித்தது எண்பத்திரண்டு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஹெட்விக். சூப் காய்ச்சியவள். பொலிஸ் வந்த நாளிலும் காய்ச்சினாள், சட்டி மூடியோடு கோபுரத்துக்குள் இருந்தது, அதைக் கழுவி நான்தான் திருப்பிக் கொடுத்தேன், வாங்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போகட்டும். பாவம் புண்ணியம் பார்க்க இது நேரமில்லை. பத்து ஐம்பத்தைந்து.

குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கல்லின் குளிர், எலிப் புழுக்கை, பழைய எண்ணெய் மணம். கயிறு மணியின் நாக்கில் கட்டியிருக்கிறது, ஒரு இழுப்புக்கு ஒரு அடி, எண்ணிக்கை பிசகாது. ஒட்மாரின் கை தேய்த்த இடமும் என் கை தேய்த்த இடமும் ஒரே இடம்தான். ஜன்னலால் பார்த்தால் வெளியே சனம், தொப்பி கையில், கறுப்பு உடுப்பு, முகம் மேலே. உதடுகள் ஆயத்தமாக இருக்கின்றன. எண்ணுங்கோ, நல்லாய் எண்ணுங்கோ. ஒன்று. சத்தம் உச்சந்தலையில் விழுகிறது. இரண்டு. மூன்று. ஒட்மாருக்கு மூன்று வயது, நாசமாய்ப் போக, அவரை நான் ஏன் குழந்தையாக நினைக்கிறேன். நாலு. நாலு வயதில் கிளறன்ஸ் சந்தியோகுமையர் கோயில் திருநாளில் தொலைந்துபோய்க் கச்சான் கடலை விற்கிறவளின் மடியில் நித்திரை. ஐந்து. ஆறு. இது ஒட்மாரின் மணி, ஒட்மாரை நினை. ஏழு. புதுநன்மைப் பூசைக்கு வெள்ளைச் சேட்டு, காலமை ஒன்றும் தின்னக் கூடாது என்று சொல்லியும் ஒளித்து வாழைப்பழம் தின்றவன், நான் மட்டும் கண்டேன், சொல்லவில்லை. எட்டு, ஒன்பது. சொல்லிவிடாதே அக்கா. பத்து. பதினொன்று, வலைக்கம்பி காலைக் கிழித்து ஐந்து தையல். பன்னிரண்டு. பதின்மூன்று, குரல் உடைந்து பாட்டுக் கூட்டத்திலிருந்து விலத்திவிட்டார்கள். கை தன்பாட்டில் இழுக்கிறது. பதினாலு, பதினைந்து, மீசை வரவில்லை என்று அப்பாவின் சவரக் கத்தியால் வழித்தது. பதினாறு. பதினேழு. அப்பாவின் பெட்டியைப் பெரிய ஆள் மாதிரி முன்னால் தூக்கியது. பதினெட்டு. பத்தொன்பது, ஆமி வருகிறது என்று இரண்டு நாள் கிணற்றடியில் ஒளித்தது. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு, ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் மெல்லிய சேட்டோடு வந்து நின்று, "அக்கா, குளிருது." என் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன், பொம்பிளைக் கோட்டு, போட்டுக்கொண்டான். இருபத்துமூன்று. கடிதம், மறுப்பு, இந்தக் குள்ளக் கதவு, தலை. இருபத்துநாலு. படலை. மூன்று எட்டு. கண்ணை மூடி வெயிலில்.

இருபத்தைந்து. இழு. இருபத்தைந்தில் என்ன இருக்கிறது? தேடுகிறேன், ஒன்றுமே இல்லை. ஒட்மாரின் இருபத்தைந்து இருக்கிறது, கலியாணம் கட்டிய வயது, ஹெட்விக் படம் காட்டியிருக்கிறாள், அதை நினைத்து இழு. ஐம்பத்தெட்டு தரம் இன்னும் இழுக்க வேண்டும், அப்போதுதான் அந்த ஒன்றைக் குறைக்கலாம், பத்தொன்பது வருடம் மெழுகு சுரண்டியது அந்த ஒன்றுக்காகத்தானே, இழு விசரி. கை மேலே போகிறது, கயிற்றைப் பிடித்திருக்கிறது, இறங்கவில்லை. நோவில்லை, நடுக்கமில்லை, இறங்கவில்லை. கடைசி அடியின் ரீங்காரம் கல்லுக்குள் போய்த் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகிறது. வெளியே ஒரு செருமல்கூட இல்லை. எல்லா உதடுகளும் இருபத்துநாலில் திறந்தபடி நிற்கின்றன. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கோபுர மணிக்கூடு முள்ளைத் தள்ளுகிற சத்தம் கேட்கிறது. கயிற்றை விட்டுவிட்டேன்.

கல்லில் தடியின் சத்தம். ஹெட்விக். கதவடியில் நின்றாள், மூச்சு வாங்கியது, எண்பது வயதில் முற்றத்தைக் கடந்து வந்திருக்கிறாள். ஏன் நிறுத்தினாய், சுகமில்லையா என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வழக்கப்படி, எல்லாருக்கும் கேட்கும்படி, "யாருக்கு?" என்றாள். "ஒட்மார்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கிளறன்ஸ்" என்றேன். என் குரல் அந்த அறைக்குள் பெரிதாகக் கேட்டது. இந்த ஊரில் அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொல்லி எத்தனை காலம். "எத்தனை வயது?" "இருபத்துநாலு." வெளியே யாரோ மூச்சை இழுத்தார்கள். ஹெட்விக்கின் தாடை ஆடியது. "என்ர மனிசனுக்கு, யசிந்தா?" என்று மெதுவாகக் கேட்டாள், இது வழக்கத்தில் இல்லாத கேள்வி. ஒருமுறை பனிக்காலத்தில் மேல்தெருப் புருசனும் பெண்சாதியும் ஒரே நாளில் செத்தார்கள், இருவருக்கும் சேர்த்து அடிக்கச் சொல்லிப் பிள்ளைகள் கெஞ்சினார்கள், ஒட்மார் மாட்டேன் என்றுவிட்டார், ஒரு பதினொரு மணிக்கு ஒரு பெயர்தான். அது அவளுக்கும் தெரியும். "ஒரு பதினொரு மணிக்கு ஒரு பெயர்தான், ஹெட்விக்" என்றேன். "ஒழுங்கு எண்டால் ஒழுங்கு." சொன்னேன். அவருடைய சொல்லை அவருடைய கோபுரத்தில் நின்று அவருடைய ஊர் கேட்கச் சொன்னேன். ஒன்று இல்லை, எண்பத்துமூன்றையும் எடுத்துக்கொண்டேன். முழு ஆளாகப் படலைக்கு வெளியே நிற்கட்டும். உடம்பு முழுக்கச் சூடு பரவியது, நெஞ்சு நிறைந்தது, சந்தோசம்தான் அது, வேறு பெயர் வைக்கமாட்டேன்.

ஹெட்விக் கத்தவில்லை. சனத்தைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தடியைச் சுவரில் சாய்த்து வைத்தாள், சிலுவை அடையாளம் போட்டாள், "சூப்பில உப்புக் காணாது எண்டு ஒருநாளும் என்னட்டச் சொல்லேல்ல அந்தப் பெடியன்" என்றாள். பிறகு நிமிர்ந்து, செத்தவனின் வீட்டுக்காரி மாதிரி, மூன்றாவது கேள்வியைக் கேட்டாள். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"எப்போது?"

முப்பத்துமூன்று வருடம் சோறு போடாமல், துணி தோய்க்காமல், மொட்டை விழவைத்து, ஐம்பத்தேழு வயது வரைக்கும் நான் வளர்த்து வைத்திருந்தவன். அம்மா, நான் சத்தியம் பண்ணினனான். கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"இப்பதான்" என்றேன்.